எல்லோரும் தைரியசாலி என்கிறார்கள், எனக்குள் ஒன்றுமே இல்லை

ஈரோட்டுக்காரி:
கூட்டுறவு வங்கியில் காசாளராக இருக்கிறேன். திருமணமாகி 16 ஆண்டுகள். மாமியாரின் கண் அறுவை சிகிச்சை, வீட்டுக் கடன் தவணை, மகளின் பத்தாம் வகுப்பு எல்லாம் என் தலையில்தான். "உன்னைப் போல் தைரியசாலி உண்டா" என்று நாத்தனார் சொல்லும்போது சிரித்துவைப்பேன். கணவரிடம் கடைசியாகப் பேசியது "கேஸ் தீர்ந்துவிட்டது" என்பதுதான். அது போன செவ்வாய்க்கிழமை. அவர் அடிப்பதில்லை, குடிப்பதில்லை. பிறகு யாரிடம் என்ன புகார் சொல்வது? மாலையில் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றாமல் அப்படியே நிற்கிறேன். அழுகைகூட வருவதில்லை. பிரிந்துவிடலாம் என்றால் கோர்ட் என்ற சொல்லே பயமுறுத்துகிறது.

பழைய வக்கீல்:
இருவரும் ஒப்புக்கொண்டால் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டத்தின் 13பி பிரிவின் கீழ் விவாகரத்து பெறலாம். ஓராண்டு பிரிந்து வாழ்ந்திருக்க வேண்டும். ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் கணவன் மனைவியாக வாழவில்லையென்றால் அதுவும் பிரிந்து வாழ்வதுதான். மனுவுக்குப் பிந்தைய ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. பெண்களுக்கு வருமானம் பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு; மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் கேளுங்கள்.

தறிக்காரர் மகள்:
சட்டம் இருக்கட்டும் அக்கா. அந்த ஹெல்மெட் விஷயத்தை அவரிடம் சொன்னீர்களா?

ஈரோட்டுக்காரி:
இல்லை, தங்கையே. வண்டி நிற்கும் சத்தம் அவருக்குக் கேட்கும். ஒருநாளும் கதவைத் திறந்து பார்த்ததில்லை.