மறு: சுருட்டுப் பெட்டி உகுலேலே – ‘நெக்’ என்பதற்கு என்ன சொல்?

நண்பர்களுக்கு வணக்கம். பழைய சுருட்டுப் பெட்டியை வைத்து உகுலேலே (கிட்டார் போன்ற, நான்கு தந்திச் சிறு கருவி) செய்யும் முறையைத் தமிழில் எழுத, அதன் பகுதிகளுக்கு என்ன சொல் வைப்பது என்ற பேச்சின் தொடர்ச்சி இது. பெட்டியிலிருந்து நீளும் ‘நெக்’ என்ற கட்டைக்கு ஒருவர் சொன்னது:

> ‘கழுத்து’ என்றே வைத்துவிடலாமே. எல்லோருக்கும் புரியும்.

புரியும்தான். ஆனால் வீணைக்காரர்கள் அந்தப் பகுதிக்குத் தண்டி என்று எப்போதோ பெயர் வைத்துவிட்டார்கள். தந்தியை முறுக்குவது பிரடை, பலகைமேல் தந்தியைத் தாங்குவது குதிரை, மேல்முனையில் தாங்குவது மேரு. இவ்வளவும் புழக்கத்தில் இருக்க, மேருவைக் குறிக்கும் ஆங்கில ‘நட்’டுக்குக் ‘கொட்டை’ என்று போன மடலில் பார்த்தபோது சிரிப்புதான் வந்தது. குதிரைமேல் பதிக்கும் எலும்புத் துண்டுக்கு (‘சேடில்’) சேணம் என்றால் கச்சிதம்.

வீணைத் தண்டி குடைந்தது, உகுலேலேயில் இருப்பது திடக்கட்டை, எனவே பொருந்தாது என்கிறார் ஒருவர். சுரத்துக்காகத் தண்டிமேல் குறுக்கே வைக்கும் மெட்டு (‘ஃப்ரெட்’) மட்டும் என்னவாம்? வீணையில் அது மெழுகின்மேல் உட்காருகிறது. இங்கே ரம்பத்தால் கீறிய காடிக்குள் கம்பியை அடித்து இறக்குகிறோம். இரண்டையும் மெட்டு என்றுதானே சொல்கிறோம்!

உண்மையில் சொல் இல்லாமல் திண்டாடுவது வேறோர் இடத்தில். சுருட்டுப் பெட்டிக் கருவியில் பெரும்பாலும் தண்டி பெட்டியின் விளிம்போடு நிற்பதில்லை. ஒரே கட்டை ஒரு பக்கச் சுவரில் நுழைந்து, உள்ளே ஓடி, எதிர்ச்சுவர் வரை போகிறது. பெட்டியின் சுவர்கள் சுருட்டு வைக்கச் செய்தவை; தந்தியின் இழுவையைத் தாங்கச் செய்தவையல்ல. தந்தியின் இரு முனைகளும் ஒரே கட்டையில் கட்டப்பட்டால் இழுவையைக் கட்டையே வாங்கிக்கொள்ளும், பெட்டி ஒலித்தால் போதும். ஆனால் உள்ளே ஓடும் பகுதியைச் சில மில்லிமீட்டராவது இழைத்துத் தாழ்த்த வேண்டும். மூடியின் அடியில் கட்டை ஒட்டிக்கொண்டிருந்தால் மூடி அதிராது, ஓசை செத்துப்போகும். செய்முறை எழுதுகிறவருக்கு இந்த இடத்தில்தான் பெயர் தேவை.

ஊடுதண்டி என்கிறேன். ‘முழுநீளத் தண்டி’ நீளத்தைத்தான் சொல்கிறது, ஊடே போவதைச் சொல்லவில்லை. ஊடுபயிர், ஊடுகதிர் என்று பழகிய முன்னொட்டுதான். ஊடல் நினைவுக்கு வருகிறது என்ற நண்பருக்கு: வரட்டுமே, சுருதி நிற்காத நாளில் கருவியோடு அதுவும் உண்டு.

பழைய பொருள்களிலிருந்து எடுத்து மறுபடி பயன்படுத்தும் மரத்துக்கு ‘மீட்பு மரம்’ என்ற சொல் வேண்டாம். மீட்டுவது, மீட்பது என்ற இரட்டைப் பொருள் அழகுதான். தச்சரிடம் பழைய மரம் என்றால் போதுமே. தண்டிக்கு ரேகை நேராக ஓடும் துண்டா, உள்ளே உடைந்த ஆணி இருக்கிறதா என்று பார்க்கச் சொல்வதுதான் முக்கியம்.

‘ஸ்கேல் லெங்த்’ என்பதற்குத் ‘தந்தி நீளம்’ என்று எழுதியிருப்பதை மட்டும் கட்டாயம் மாற்ற வேண்டும். தந்தி பிரடை வரை போகிறது. கணக்குக்கு வேண்டியது மேருவுக்கும் சேணத்துக்கும் இடையே அதிரும் பகுதி. அதிர்நீளம் என்று சொல்லலாம். சோப்ரானோ எனும் சிறிய உகுலேலே அளவில் அது சுமார் 346 மி.மீ. அதை, மெட்டுகளின் இடத்தைக் கணக்கிடும் மாறா எண்ணான 17.817-ஆல் வகுத்தால் மேருவிலிருந்து முதல் மெட்டுக்கு 19.4 மி.மீ.; மிச்ச நீளத்தை மறுபடி அதே எண்ணால் வகுத்தால் அடுத்த மெட்டு. 12-ஆம் மெட்டு சரிபாதியில் விழும். பிரடையிலிருந்து அளந்து வகுத்தவருக்கு ஒரு மெட்டுகூடச் சுருதியில் நிற்காது.

‘ஆக்‌ஷன்’ பாக்கி. மெட்டுக்கு மேலே தந்தி நிற்கும் உயரத்தைத் தற்காலிகமாகத் ‘தந்தியுயரம்’ என்று எழுதிவைத்திருக்கிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள்.