பிரண்டையை வேலியில் வளர்த்து அம்மாவின் மூட்டு வலிக்குக் கொடுக்கலாமா?

பென்னாகரத்து மகள்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் வட்டத்தில் ஒரு சிற்றூரில் வசிக்கிறோம். என் அம்மாவுக்கு 61 வயது. இரண்டு ஆண்டுகளாக முழங்காலிலும் இடுப்பிலும் வலி இருக்கிறது; காலையில் எழுந்தால் முதுகு நிமிர அரை மணி நேரம் ஆகிறது. பிரண்டை எலும்பை ஒட்ட வைக்கும், தினமும் சாறு குடித்தால் தேய்ந்த எலும்பு வளரும் என்று உறவினர் ஒருவர் சொன்னதை நம்பி, சென்ற மாதம் ஏரிக்கரையிலிருந்து கொண்டுவந்த தண்டைப் பச்சையாக அரைத்து அரை டம்ளர் கொடுத்தேன். வாயும் தொண்டையும் அன்று இரவு வரை அரித்துக்கொண்டே இருந்ததால், பிரண்டை என்ற பெயரைச் சொன்னாலே அம்மா இப்போது முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்.

எனக்கு மூன்று ஐயங்கள் உள்ளன. எங்கள் நிலம் சரளைச் செம்மண். ஆழ்துளைக் கிணற்றில் வருவது உப்புத் தண்ணீர், குடிப்பதற்கும் அதே தண்ணீர்தான். இந்த மண்ணிலும் இந்தத் தண்ணீரிலும் வேலியோரம் பிரண்டை வருமா? அரிப்பு இல்லாமல் அதை எப்படிச் சமைப்பது? உண்மையாகவே அது எலும்பு வலிக்கு உதவுமா? அனுபவம் உள்ளவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

பாலக்கோடு விவசாயி:

சகோதரிக்கு வணக்கம். உங்கள் முதல் ஐயத்துக்கு மட்டும் நான் பதில் எழுதுகிறேன். எங்கள் கிளுவை வேலியில் பதினைந்து ஆண்டுகளாகப் பிரண்டை படர்ந்திருக்கிறது. அதற்கென்று தனியாக ஒரு குடம் தண்ணீர்கூட நான் ஊற்றியதில்லை. திராட்சைக் குடும்பத்தைச் சேர்ந்த கொடி என்றாலும், திராட்சை கேட்கும் கவனிப்பில் பத்தில் ஒரு பங்குகூட இதற்குத் தேவைப்படுவதில்லை. சரளைச் செம்மண் இதற்கு மிகவும் ஏற்றது. தண்ணீர் தேங்கும் களிமண்ணில்தான் தண்டு அழுகும்.

நடுவதற்கு மிகவும் இளந்தண்டும் வேண்டாம், நார் ஏறிய முற்றல் தண்டும் வேண்டாம். நடுத்தர முதிர்ச்சியுள்ள தண்டில் மூன்று கணு இருக்கும்படி நறுக்கி, வெட்டிய முனை காய்ந்து தோல் கட்டும் வரை இரண்டு மூன்று நாள் நிழலில் போட்டு வையுங்கள். பலர் இதைச் செய்யாமல் ஈரத்தோடு நட்டுவிட்டு, அழுகிப்போனது என்று வருந்துகிறார்கள். பிறகு ஒரு கணு முழுவதும் மண்ணுக்குள் இருக்குமாறு, சற்றே சாய்வாக ஊன்ற வேண்டும். வேர் கணுவிலிருந்துதான் இறங்கும். ஆடியில் முதல் மழை பெய்து மண் நனைந்தவுடன் நட்டால், புரட்டாசி, ஐப்பசி மழையில் கொடி நன்றாகப் பற்றிக்கொள்ளும். முதல் ஆறு மாதம் கை வைக்காதீர்கள். கோடையில் இலையெல்லாம் உதிர்ந்து வெறும் பச்சைக் கயிறாகத் தொங்குவதைப் பார்த்துச் செத்துவிட்டது என்று பிடுங்கிவிடவும் வேண்டாம். மழை வந்ததும் கணுவுக்குக் கணு தளிர் விடும்.

நடுவதற்குத் தண்டு எடுக்கும்போது அது பிரண்டைதானா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சதுரக்கள்ளியும் பட்டை பட்டையாகத்தான் இருக்கும். ஒடித்தால் வெள்ளைப் பால் வடிந்தால் அது கள்ளி. அதை வாயில் வைக்கவே கூடாது, பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. பிரண்டையை ஒடித்தால் பால் வராது, நீர்தான் கசியும். கணுவில் ஓர் இலையும் அதற்கு எதிர்ப்புறம் பற்றுக்கம்பியும் இருக்கும்.

இன்னும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பகுதியில் தக்காளிக்கு வாரந்தோறும் மருந்து அடிப்பதை நீங்கள் அறிவீர்கள். கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்புகளில் பூக்கும் பருவத்தில் அடிக்கிறார்கள். வேலியோரக் கொடியின்மேல் அந்த மருந்து காற்றோடு வந்து படியும். வரப்பில் களைக்கொல்லி அடித்தாலும் அப்படித்தான். ஆகவே உண்பதற்கென்று வளர்க்கும் பிரண்டையை வயல் வேலியில் வைக்காமல் வீட்டுச் சுற்றுவேலியில் வையுங்கள். ஏரிக்கரை, சாக்கடை ஓரம், நெடுஞ்சாலை ஓரம் ஆகிய இடங்களில் பறித்ததையும் சமையலுக்கு எடுக்காதீர்கள்.

காவேரிப்பட்டணம் அம்மணி:

மகளே, பச்சையாக அரைத்துக் கொடுத்தது தவறு. உன் அம்மா பட்ட அரிப்புக்குக் காரணம் அதுதான். பிரண்டைத் தண்டில் கால்சியம் ஆக்சலேட் என்னும் உப்பு, ஊசி போன்ற நுண்ணிய படிகங்களாக இருக்கிறது. அவைதாம் நாக்கிலும் தொண்டையிலும் குத்துகின்றன. சேப்பங்கிழங்கும் கருணைக்கிழங்கும் அரிப்பதற்கும் இதுவே காரணம். அந்தக் கிழங்குகளை நாம் பச்சையாக உண்கிறோமா?

நான் செய்யும் முறையைச் சொல்கிறேன். கொடியின் நுனியிலிருந்து மூன்று அல்லது நான்கு கணு வரை, நகத்தால் கிள்ளினால் ஒடியும் தண்டை மட்டும் எடுக்க வேண்டும். கையில் நல்லெண்ணெயைத் தாராளமாகத் தடவிக்கொண்டு, கணுக்களை வெட்டி எறிந்துவிட்டு, நான்கு ஓரங்களிலும் உள்ள நாரை அவரைக்காய்க்கு உரிப்பதுபோல் உரித்து, விரல் கணு அளவுக்கு நறுக்கிப் புளித்த மோரில் கால் மணி நேரம் போட்டு அலசிவிடு. பிறகு இரண்டு கரண்டி நல்லெண்ணெயில், சிறுதீயில், பச்சை நிறம் முழுவதும் மாறித் துண்டுகள் பாதியாகச் சுருங்கும் வரை வதக்க வேண்டும். இந்த இடத்தில் அவசரப்பட்டால் மற்ற எல்லாம் வீண். தனியாக உளுத்தம்பருப்பு, வரமிளகாய், பூண்டு, சிறு துண்டு இஞ்சி, கறிவேப்பிலை ஆகியவற்றை வறுத்து, எலுமிச்சை அளவு புளியும் சிறிது தேங்காயும் உப்பும் சேர்த்து அரைத்தால் துவையல். புளி குறைந்தால் நாக்கு காட்டிக்கொடுத்துவிடும். சூடான ராகிக் களிக்கு இதைத் தொட்டு உண்டால் வேறு குழம்பு தேவையில்லை.

எங்கள் வீட்டில் தெலுங்கு பேசுவோம். இதை நல்லேரு என்போம். ஓசூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர்கள் மங்கரவள்ளி என்பார்கள். உளுந்து மாவில் பிரண்டைச் சாற்றைப் பிசைந்து அப்பளம் இடுவதும், உப்பு மோரில் ஊறவைத்து வெயிலில் காயவைத்து வற்றல் போடுவதும் உண்டு. அம்மாவுக்குப் பயம் தெளியும் வரை, முதலில் ஒரு வற்றலை எண்ணெயில் பொரித்துக் கொடுத்துப் பார். என் மாமியார் பசி எடுக்காத நாளில்தான் இதைக் கேட்பார். வாரத்துக்கு ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை; நாங்கள் அதற்கு மேல் செய்ததில்லை.

ஊத்தங்கரைக்காரன்:

சுருக்கமாக ஓர் எச்சரிக்கை. என் தந்தையார் கணுக்காலில் அடிபட்டபோது, சுளுக்கு என்று நினைத்து, பிரண்டையைப் புளியும் உப்பும் சேர்த்து அரைத்துக் காய்ச்சிப் பற்றுப் போட்டோம். வீக்கம் வடிந்ததைப் பார்த்து மகிழ்ந்து, மூன்று வாரம் கழித்தே ஊடுகதிர்ப் படம் எடுத்தோம். எலும்பு முறிந்து, விலகிய நிலையிலேயே கூடத் தொடங்கியிருந்தது. இன்றும் அவர் சாய்ந்துதான் நடக்கிறார். பற்றைக் குறை சொல்லவில்லை. முறிவா சுளுக்கா என்று தெரியாமல் பற்றுப் போட்டது எங்கள் பிழை. அம்மாவின் முதுகுக்கும் முதலில் ஒரு படம் எடுத்துவிடுங்கள்.

சித்த மருத்துவர், தருமபுரி:

பிரண்டையை எங்கள் நூல்கள் வச்சிரவல்லி என்றும் குறிப்பிடுகின்றன. பசியின்மை, செரியாமை, மூலம் ஆகியவற்றுக்கும் அடிபட்ட எலும்புக்கும் அது வழங்கிவந்திருக்கிறது. 1960-களிலேயே பனாரஸ் இந்துப் பல்கலைக்கழகத்தில் எலும்பு முறிந்த விலங்குகளுக்கு இதைக் கொடுத்து, முறிவு விரைவாகக் கூடுவதைப் பதிவு செய்திருக்கிறார்கள். அதன் பிறகு வந்த ஆய்வுகளும் பெரும்பாலும் விலங்குகளிடமோ மிகச் சில நோயாளிகளிடமோ நடந்தவையே. மேலும் அவை பேசுவது முறிந்த எலும்பைப் பற்றி. மூட்டுத் தேய்மானம் வேறு, முறிவு வேறு. தேய்ந்த மூட்டு பிரண்டையால் மீண்டும் வளரும் என்று யாரேனும் சொன்னால் நம்ப வேண்டாம். பிரண்டையில் கால்சியம் மிகுதி என்பது உண்மை. ஆனால் அதில் ஒரு பகுதி ஆக்சலேட்டோடு பிணைந்திருப்பதால் உடலில் எளிதில் சேராது. நீங்கள் அன்றாடம் உண்ணும் ராகியில் 100 கிராமுக்கு 340 மில்லிகிராமுக்கும் மேல் கால்சியம் இருக்கிறது. எனவே பிரண்டைத் துவையலைவிட அதனோடு உண்ணும் களியே எலும்புக்குப் பெரிய துணை என்பது என் கருத்து.

உங்கள் கேள்வியில் என்னை நிறுத்தியது பிரண்டை அன்று. குடிப்பதற்கும் ஆழ்துளைக் கிணற்று நீர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் கடினப் பாறைகளில் உள்ள ஃபுளோரைடு நிலத்தடி நீரில் கரைந்து வருகிறது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெயரிலேயே ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு மிகுவதால் பல்லுக்கும் எலும்புக்கும் வரும் நோய்) தணிப்பு என்ற சொல் இடம்பெற்றிருப்பதும், ஜப்பானியக் கடனுதவியோடு கட்டப்பட்டு 2013-ல் அது தொடங்கிவைக்கப்பட்டதும் இதன் பொருட்டே. குடிநீரில் ஃபுளோரைடு ஒரு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது. வேறு நீர் கிடைக்காத இடத்திலும் 1.5-ஐத் தாண்டக் கூடாது. அதற்கு மேற்பட்ட நீரைப் பல ஆண்டுகள் குடித்தவர்களுக்கு அது எலும்பிலும் மூட்டிணைப்புகளிலும் படிந்து, முதுகும் கழுத்தும் இறுகி, காலையில் நிமிர முடியாமல் போவது உண்டு. மூட்டுத் தேய்மானம் என்றே பலர் இதைக் கருதி ஆண்டுக்கணக்கில் மருந்து உண்கிறார்கள்.

அம்மா பிறந்து வளர்ந்ததும் இதே பகுதியா? அவர் பற்களில் சிறு வயது முதல் பழுப்பு அல்லது சுண்ணாம்பு நிறக் கோடுகள் உண்டா? பல் உருவாகும் குழந்தைப் பருவத்தில்தான் அந்தக் கறை விழும். தயவுசெய்து பாருங்கள்.

பென்னாகரத்து மகள்:

ஐயா, உங்கள் பதிலைப் படித்துவிட்டு அம்மாவைக் கேட்டேன். அவர் பிறந்தது பக்கத்து ஊர். முன்பற்களில் குறுக்காகப் பழுப்புக் கோடுகள் இருக்கின்றன. வெற்றிலைக் கறை என்றே இத்தனை நாள் நினைத்திருந்தோம். என் சித்திக்கும் அப்படித்தான். எங்கள் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறது, ஆனால் நாள்தோறும் வருவதில்லை என்பதாலும், ஆழ்துளைக் கிணறு வாசலிலேயே இருப்பதாலும் அதைப் பாத்திரம் கழுவப் பயன்படுத்திவந்தோம். எழுதும்போதே மனம் வலிக்கிறது. கிணற்று நீரைக் கொதிக்க வைத்துக் குடித்தால் போதுமா? பிரண்டையை நிறுத்திவிட வேண்டுமா?

சித்த மருத்துவர், தருமபுரி:

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃபுளோரைடு போகாது. நீர் ஆவியாகக் குறையக் குறைய அதன் அடர்த்தி கூடவே செய்யும். மெழுகுவர்த்தி வடிவ வடிகட்டியாலும் பயனில்லை. இன்றே இரண்டையும் மாற்றிவிடுங்கள்: குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் நீர், கழுவவும் குளிக்கவும் கிணற்று நீர். களி கிண்டும் தண்ணீரும் இதில் அடங்கும். நான்கு பேருக்குக் குடிக்கவும் சமைக்கவும் ஒரு நாளைக்கு இரண்டு குடம் போதும். மூடியுள்ள பாத்திரங்களில் பிடித்து வைத்தால் குழாய் வராத நாள்களுக்கும் வரும். கிணற்று நீரைச் சுத்தமான பிளாஸ்டிக் புட்டியில் எடுத்துக்கொண்டு, தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்டப் பரிசோதனைக் கூடத்தில் கொடுத்து, ஃபுளோரைடு அளவைக் கேளுங்கள். அந்த அறிக்கையோடும் அம்மாவோடும் அரசு மருத்துவமனைக்குச் சென்று, முதுகுக்கும் முன்கைக்கும் படம் எடுக்கச் சொல்லுங்கள். எலும்பில் ஏற்கெனவே படிந்ததை எந்த மூலிகையும் உடனே கரைத்துவிடாது; ஆனால் மேலும் சேராமல் தடுப்பது உங்கள் கையில் இருக்கிறது. பால், முருங்கைக்கீரை, நெல்லிக்காய் ஆகியவற்றை உணவில் கூட்டுங்கள். கருப்புத் தேநீரையும் இந்துப்பையும் குறைத்துக்கொள்ளுங்கள். அவற்றிலும் ஃபுளோரைடு உண்டு.

பிரண்டையை நிறுத்த வேண்டியதில்லை. காவேரிப்பட்டணத்து அம்மா சொன்ன அளவில் உணவாக உண்ணட்டும். சிறுநீரகக் கல் இருந்தவர்கள் மட்டும் ஆக்சலேட் காரணமாகத் தவிர்க்க வேண்டும். சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுப்பவர்கள் பிரண்டைப் பொடியையோ மாத்திரையையோ தாங்களாகத் தொடங்கக் கூடாது. சாறு வேண்டவே வேண்டாம்.

பாலக்கோடு விவசாயி:

சகோதரி, ஆடி பிறந்ததும் சொல்லுங்கள். எங்கள் வேலியிலிருந்து இருபது தண்டு நறுக்கி, நிழலில் காயவைத்துப் பென்னாகரம் பேருந்தில் வரும் என் மைத்துனரிடம் கொடுத்தனுப்புகிறேன்.