மந்திரம் போடும் மங்க்: கி போதுமா, ஸ்பெல் ஸ்லாட் வேண்டுமா?

முத்திரைக்காரன்

டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (பகடை உருட்டி ஆடும் கதைப்பாத்திர விளையாட்டு) ஐந்தாம் பதிப்பின் 2014 விதிகளுக்கு ஒரு மங்க் (கையால் சண்டை போடும் துறவி) சப்கிளாஸ் எழுதியிருக்கிறேன். மங்க் தன் வித்தைகளுக்குச் செலவழிக்கும் புள்ளி கி; மற்ற மந்திரக்காரர்கள் மந்திரத்துக்குச் செலவழிப்பது ஸ்பெல் ஸ்லாட். பெயர் "முத்திரை வழி". கைமுத்திரையிலேயே மந்திரத்தை இயக்கும் துறவி. வரைவு:

லெவல் 3: விஸார்ட் பட்டியலிலிருந்து இரண்டு கேன்ட்ரிப் (செலவில்லாத சிறு மந்திரம்), மூன்று முதல்நிலை மந்திரங்கள். மந்திரம் போடும் திறன் விஸ்டம். ஸ்லாட் கிடையாது. மந்திரத்தின் நிலையோடு ஒன்றைக் கூட்டினால் அதுதான் கி செலவு. லெவல் 6-ல் இரண்டாம் நிலை, 11-ல் மூன்றாம் நிலை, 17-ல் நான்காம் நிலை மந்திரங்கள் திறக்கும்.

லெவல் 6: கி செலவழித்து மந்திரம் போட்ட டர்னில் போனஸ் ஆக்‌ஷனாக (முதன்மைச் செயலுக்கு மேல் கிடைக்கும் சிறு செயல்) வெறுங்கையால் ஓர் அடி.

லெவல் 11: தொட்டுப் போடும் மந்திரத்தை, எதிரியின் மேல் விழும் அடியோடு சேர்த்தே செலுத்தலாம்.

லெவல் 17: டேமேஜ் வாங்கினாலும் கான்சன்ட்ரேஷன் (நீடிக்கும் மந்திரத்தைத் தாங்கும் கவனம்) கலையாது.

எங்கே உடையும் என்று சொல்லுங்கள்.

ஏழாம்படி

கி-ல ஓட்டவே வேணாம். இதே செலவுக் கணக்கைத்தான் 2014 பிளேயர்ஸ் ஹேண்ட்புக்ல வே ஆஃப் த ஃபோர் எலிமென்ட்ஸ்ங்கற மங்க் சப்கிளாஸ்ல வச்சாங்க. ஹோல்ட் பெர்சனுக்கு 3 கி, ஃபயர்பாலுக்கு 4 கி, கோன் ஆஃப் கோல்டுக்கு 6 கி. விஸார்டு லெவல் 5-ல போடற ஃபயர்பாலை மங்க் 11-ல போடறான், அதுவும் இருக்கற 11 கி-ல நாலைக் கொடுத்துட்டு.

ஃப்ளரி (கூடுதல் அடிகள்), பேஷன்ட் டிஃபென்ஸ் (தற்காப்பு), ஸ்டன்னிங் ஸ்ட்ரைக் (எதிரியை ஸ்தம்பிக்க வைக்கறது) எல்லாத்துக்கும் ஒரே பைதான். ஒரு ஃபயர்பால்னா நாலு ஸ்டன் முயற்சி போச்சு. லெவல் 3-ல நிலைமை இன்னும் மோசம்: மொத்தமே 3 கி, ஒரு பர்னிங் ஹேண்ட்ஸ் போட்டா மிச்சம் ஒண்ணு.

எல்ட்ரிச் நைட் (மந்திரமும் போடற ஃபைட்டர்) அட்டவணையை அப்படியே எடுத்து வைங்க. லெவல் 3-ல ரெண்டு முதல்நிலை ஸ்லாட், 4-ல மூணு, 7-ல நாலு முதல்நிலையும் ரெண்டு இரண்டாம்நிலையும், 13-ல மூன்றாம்நிலை. கி-யைத் தொடாதீங்க.

கருங்கல்

விலை ஒரு பிரச்சினைதான், ஆனால் பெரிய பிரச்சினை ஆக்‌ஷன். ஸ்லாட் கொடுத்தாலும் அது தீராது.

2014 விதிகளில் மார்ஷியல் ஆர்ட்ஸ் போனஸ் அடிக்கும் ஃப்ளரிக்கும் முதலில் அட்டாக் ஆக்‌ஷன் எடுத்திருக்க வேண்டும். மந்திரத்துக்கு ஆக்‌ஷனைக் கொடுத்தால் இரண்டும் போய்விடும். லெவல் 11 மங்க், டெக்ஸ்டெரிட்டி 20, விஸ்டம் 16 என்று வைத்துக்கொள்வோம். எதிரியின் ஏசி (அடி பட எட்ட வேண்டிய எண்) 17, டெக்ஸ் சேவ் (டெக்ஸ்டெரிட்டியால் தப்பிக்கும் உருட்டல்) +2.

கையால் அடித்தால்: ஓர் அடி 1டி8+5 (எட்டுப் பக்கப் பகடை ஒன்று, கூட 5), சராசரி 9.5. இருபது பக்கப் பகடையில் +9 வைத்து 65 சதவீதம் படும். மூன்று அடிக்கு 18.5. கி செலவு பூஜ்யம் (கிரிட்டிக்கலைச் சேர்க்கவில்லை).

ஃபயர்பால் போட்டால்: 8டி6, சராசரி 28. சேவ் டிசி (தப்பிக்க எதிரி எட்ட வேண்டிய எண்) 15, எதிரி 60 சதவீதம் தோற்பான், பாதி டேமேஜையும் சேர்த்து 22.4. கி செலவு 4.

ஆக ஒற்றை எதிரி மேல் 4 கி கொடுத்து வாங்குவது 4 டேமேஜ்கூட இல்லை. மூன்று பேர் மாட்டினால் 67, அப்போது அந்த விலை நியாயம். மந்திரத்தை ஸ்லாட்டிலிருந்து எடுத்தாலும் அந்த 18.5-ஐ இழந்துதான் போட வேண்டும். எல்ட்ரிச் நைட்டுக்கு லெவல் 7-ல் வார் மேஜிக் (கேன்ட்ரிப் போட்டால் போனஸ் அடி) கொடுத்ததே இந்த ஓட்டையை அடைக்கத்தான்.

அதனால் லெவல் 6-ல் போனஸ் அடி கொடுத்த எண்ணம் சரி. ஆனால் 2020-ல் வந்த டாஷாஸ் கால்ட்ரன் ஆஃப் எவ்ரிதிங்கில் கி-ஃபியூவல்ட் அட்டாக் என்ற விருப்ப விதி இருக்கிறது. ஆக்‌ஷனில் ஒரு கி செலவழித்தால் போதும், எல்லா மங்குக்கும் லெவல் 3-லேயே அந்த அடி உண்டு. அந்த நூலைச் சேர்த்து விளையாடும் மேசையில் உங்கள் லெவல் 6 வெறும் காலி இடம்.

ஏழாம்படி

ஆக்‌ஷன் கணக்கு சரி, ஒத்துக்கறேன். ஆனா மந்திரம்னா டேமேஜ் மட்டுமா? சண்டைக்கு வெளியே ஆக்‌ஷன் ஒரு பொருட்டே இல்ல, அங்க விலைதான் பேசும். வே ஆஃப் ஷேடோங்கற மங்க் சப்கிளாஸைப் பாருங்க. டார்க்னெஸ், சைலன்ஸ், பாஸ் வித்தவுட் ட்ரேஸ் மூணுமே இரண்டாம்நிலை, ஒவ்வொண்ணும் 2 கி-தான். உங்க கணக்குல 3 வரும். அந்த ஒரு கி வித்தியாசம் லெவல் 6-ல பெரிசு: 6 கி-ல மூணு தடவையா, ரெண்டு தடவையா?

முத்திரைக்காரன்

ஷேடோ ஒப்பீடு சரியான இடத்தில் பட்டது. தன்மேல் மட்டும் போடும் மந்திரங்களுக்கு, அதாவது தூரம் "செல்ஃப்" என்று இருப்பவற்றுக்கு, கூடுதல் ஒன்றை எடுத்துவிடுகிறேன். மிஸ்டி ஸ்டெப் (நொடியில் வேறிடம் தாவுவது) 2 கி ஆகும். இந்த சப்கிளாஸுக்கு இதைவிடப் பொருத்தமான மந்திரம் கிடையாது. போனஸ் ஆக்‌ஷனில் போவதால் அட்டாக் ஆக்‌ஷனின் இரண்டு அடியும் கையில் நிற்கும்.

ஸ்லாட்டை மட்டும் ஏற்க மாட்டேன். லெவல் 7-ல் 7 கி, அதன்மேல் ஆறு ஸ்லாட் என்றால் அது இரண்டு பை. கி முழுக்க ஸ்டன்னுக்கு, ஸ்லாட் முழுக்க தற்காப்புக்கு என்று பிரித்துவிடுவார்கள். மந்திரமா அடியா என்ற தேர்வே எழாது. மல்டிகிளாஸ் (இரண்டு வகுப்பைக் கலப்பது) சிக்கலும் உண்டு: மங்க் லெவலில் மூன்றில் ஒரு பங்கு, கிளெரிக் ஸ்லாட்டோடு போய்ச் சேர்ந்துகொள்ளும்.

கருங்கல்

கி-யிலேயே இருக்கட்டும், ஆனால் ஒரு பூட்டுப் போடுங்கள். கி ஷார்ட் ரெஸ்டில் முழுதாகத் திரும்பிவிடும். மேஜ் ஆர்மர் (மந்திரக் கவசம்) எட்டு மணி நேரம் நிற்கும், அடுத்தவர் மேலும் போடலாம். காலையில் கவசம் இல்லாத தோழர் எல்லோருக்கும் போட்டுவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் கி மொத்தமும் வந்துவிடும். விஸார்ட் அதற்கு ஆளுக்கு ஒரு ஸ்லாட்டை நாள் முழுக்க இழக்கிறார். "மந்திரம் நடப்பில் இருக்கும்வரை அதற்குச் செலவான கி திரும்பாது" என்று ஒரு வரி போதும்.

லெவல் 11 அம்சம் கேட்க அழகு, ஆனால் பட்டியலைத் திறந்து பாருங்கள். எதிரியைத் தொட்டுப் போட விஸார்டிடம் இருப்பது ஷாக்கிங் கிராஸ்ப், வாம்பிரிக் டச், பிஸ்டோ கர்ஸ் மாதிரி ஒரு சில. இன்ஃப்ளிக்ட் வூண்ட்ஸ் கிளெரிக்குடையது. ஒரு முழு அம்சம் மூன்று நான்கு மந்திரத்துக்காக நிற்கிறது.

லெவல் 17 இன்னும் வீண். லெவல் 14-ல் டயமண்ட் சோல் எல்லா சேவுக்கும் தேர்ச்சி தந்துவிடுகிறது. 17-ல் கான்ஸ்டிட்யூஷன் 14 இருந்தால் +8, டிசி 10-க்கு டைஸில் 1 விழுந்தால்தான் தோல்வி. கான்சன்ட்ரேஷன் நிஜமாக உடைவது அதற்கு முன்பு. லெவல் 11-ல் +2 மட்டும், ஓர் அடியைத் தாங்க 65 சதவீதம், ஒரே ரவுண்டில் மூன்று அடி வாங்கினால் 27 சதவீதம். எதிரியை ஒட்டி நிற்கும் ஆளுக்கு இது ஆகாது. அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டி உயர்ந்ததை எடுப்பது) கொடுத்தால் அதே மூன்று அடிக்கு 68 சதவீதம். அதை 11-க்கு இறக்குங்கள்.

வெள்ளைத்தாள்

எந்தப் பதிப்புக்கு என்று வரைவின் தலையிலேயே பெரிதாக எழுதிவையுங்கள். 2024 விதிகளில் இந்தச் சப்கிளாஸ் எல்லை மீறிவிடும்.

அதில் கி-யின் பெயர் ஃபோகஸ் பாயிண்ட். போனஸ் அடிக்கும் ஃப்ளரிக்கும் அட்டாக் ஆக்‌ஷன் தேவையில்லை. லெவல் 10-லிருந்து ஃப்ளரி மூன்று அடி. லெவல் 11-ல் அடி டைஸ் டி10. ஆகவே ஃபயர்பால் போட்ட டர்னிலேயே 1 பாயிண்டுக்கு மூன்று அடி, கருங்கல் எடுத்த எண்களை வைத்தால் இன்னொரு 20 டேமேஜ். இதற்கு மேல் இன்னொரு ஓட்டை: 2024-ல் ஒரு டர்னில் ஒரு ஸ்லாட்தான் செலவழிக்கலாம் என்று கட்டுப்பாடு. உங்கள் மங்க் ஸ்லாட்டே செலவழிப்பதில்லை. மிஸ்டி ஸ்டெப்பையும் ஃபயர்பாலையும் ஒரே டர்னில் போட்டால் விதி தடுக்காது.

2024-ல் அவர்களே மந்திரப் பட்டியலைக் கைவிட்டார்கள் என்பதையும் கவனியுங்கள். வாரியர் ஆஃப் த எலிமென்ட்ஸில் எலிமென்டலிசம் கேன்ட்ரிப் ஒன்றுதான் உண்டு. லெவல் 6-ல் எலிமென்டல் பர்ஸ்ட்: 2 பாயிண்ட், 20 அடி ஆரம், மார்ஷியல் ஆர்ட்ஸ் டைஸ் மூன்று. லெவல் 6-ல் 13.5, லெவல் 11-ல் 16.5. டேமேஜ் ஃபயர்பாலைவிடக் குறைவு, விலை பாதி. மங்குக்கு மந்திர அளவிலான வேலையைத் தர மந்திரப் பட்டியல் தேவையில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

முத்திரைக்காரன்

2014-க்குத்தான், தலைப்பிலேயே போடுகிறேன். பட்டியலை விட மனம் இல்லை. மந்திரத்தைத் தேர்ந்தெடுப்பதுதான் விளையாடுபவருக்குச் சுவை. பர்ஸ்ட் மாதிரி ஒரே வித்தையைப் பதினான்கு லெவல் சுமப்பது வேறு ஆட்டம்.

லெவல் 6-க்கு மாற்று: அட்டாக் ஆக்‌ஷனில் ஓர் அடிக்குப் பதிலாக ஒரு கேன்ட்ரிப். டாஷா நூலின் பிளேட்சிங்கரிடம் (வாள் ஏந்தும் விஸார்ட்) இருப்பதுதான்.

கருங்கல்

அது பொருந்தும். லெவல் 11-ல் ஃபயர் போல்ட் 3டி10, சராசரி 16.5. விஸ்டம் வைத்து +7, 55 சதவீதம் படும், ஆக 9.1. கையடி 6.2. ஆனால் எதிரி ஐந்தடிக்குள் நின்றால் டிஸ்அட்வான்டேஜ் (இரண்டு முறை உருட்டித் தாழ்ந்ததை எடுப்பது), 30 சதவீதத்துக்கு இறங்கி 5 ஆகிவிடும். ஷாக்கிங் கிராஸ்ப் 7.4, பட்டவனுக்கு விலகுபவரைத் திருப்பி அடிக்கும் ரியாக்‌ஷனும் போகும். ஒரு கி கொடுத்து ஸ்டெப் ஆஃப் த விண்ட் எடுக்காமலே அவனைவிட்டு விலகலாம். மங்கின் ஓட்டத்துக்கு இது அளவெடுத்துத் தைத்தது.

ஏழாம்படி

ஸ்டன்னையும் பாருங்க. 2014-ல உங்க அடுத்த டர்ன் முடியறவரை ஸ்டன் நிக்கும். ஸ்டன் ஆனவன் டெக்ஸ் சேவ்ல தானா தோப்பான். இந்த டர்ன்ல ஸ்டன், அடுத்த டர்ன்ல அவனுக்குப் பின்னால தள்ளி ஃபயர்பால், முழு 28.

கருங்கல்

5 கி செலவு, 22.4-க்குப் பதில் 28. ஐந்தரை டேமேஜுக்காகப் பையில் பாதியைக் கொடுப்பவர் கொடுக்கட்டும். அதை விதி போட்டுத் தடுக்க வேண்டாம்.

முத்திரைக்காரன்

திருத்திய வடிவம், 2014 விதிகளுக்கு மட்டும். லெவல் 3: செல்ஃப் மந்திரத்துக்கு நிலை எவ்வளவோ அவ்வளவு கி, மற்றதற்கு ஒன்று கூட. நடப்பில் இருக்கும் மந்திரத்தின் கி திரும்பாது. லெவல் 6: அடிக்குப் பதில் கேன்ட்ரிப். லெவல் 11: கான்சன்ட்ரேஷன் சேவில் அட்வான்டேஜ். லெவல் 17: அந்த டர்னில் அடி பட்டவன் உங்கள் அடுத்த மந்திரத்தின் சேவை டிஸ்அட்வான்டேஜோடு உருட்டுவான், எல்ட்ரிச் நைட்டின் எல்ட்ரிச் ஸ்ட்ரைக் போல.

ஏழாம்படி

ஷீல்ட் (அடி பட்டதும் ஏசிக்கு +5 தர்ற மந்திரம்) தூரம் என்னன்னு பாருங்க. செல்ஃப். இப்ப அது 1 கி ஆயிடுச்சு. லெவல் 11 மங்க் ஏசி 18, ஷீல்ட் போட்டா 23. +8 வச்சு அடிக்கறவனுக்கு 55 சதவீதம் 30 ஆகுது. பேஷன்ட் டிஃபென்ஸும் 1 கி, டிஸ்அட்வான்டேஜ்ல அதே 30-தான் வருது. ஆனா அதுக்குப் போனஸ் ஆக்‌ஷனை முன்கூட்டியே கொடுக்கணும். ஷீல்டை அடி பட்டபிறகு பார்த்துப் போடலாம், போனஸ் ஆக்‌ஷன் ஃப்ளரிக்கு மிச்சம். இதுக்கப்புறம் பேஷன்ட் டிஃபென்ஸை யார் எடுப்பா?

முத்திரைக்காரன்

கவனிக்கவில்லை, நன்றி. லெவல் 3-ல் ஒரு வரி சேர்த்தாயிற்று: "ரியாக்‌ஷனில் போடும் மந்திரம் செல்ஃப் ஆனாலும் கூடுதல் ஒரு கி உண்டு." அப்சார்ப் எலிமென்ட்ஸும் இதில் அடங்கும்.

ஏழாம்படி

2 கி-ன்னா சரி. ஷார்ட் ரெஸ்டே எடுக்காம நாளுக்கு ஒரே சண்டை வைக்கற மேசையில ஸ்லாட்தான் நல்லதுன்னு இப்பவும் சொல்வேன்.