சிபாப் மாஸ்க்கை அப்பா நடுராத்திரியில் கழற்றிவிடுகிறார், வேறு வழி உண்டா?

சாரல்: அவசரம். அப்பாவுக்குத் தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய் (ஸ்லீப் ஆப்னியா). ஸ்லீப் ஸ்டடி எடுத்து, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு அனுப்பும் சிபாப் மெஷினும் வாங்கியாச்சு. போட்டுக்கொண்டுதான் படுக்கிறார், இரண்டு மணிக்கெல்லாம் கழற்றிவிடுகிறார். தொண்டை காய்ந்து போகிறதாம். மூச்சு நின்று நின்று வருவதைப் பார்த்துக்கொண்டு எனக்கும் தூக்கம் இல்லை. ஆபரேஷன், மாத்திரை ஏதாவது இருக்கிறதா?

பல்லாவரம்63: தம்பி, என்ன மாஸ்க்? மூக்குக்கு மட்டுமா, வாயும் சேர்த்தா? ரிப்போர்ட்டில் ஏ.எச்.ஐ. (மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு) எவ்வளவு? காற்றை ஈரப்படுத்தும் ஹியூமிடிஃபயர் உண்டா?

நெல்லைவாசி: எல்லாத்துக்கும் எடைதான் காரணம். என் மச்சான் எடையைக் குறைத்தார், மெஷினைப் பரணில் போட்டுவிட்டார். எடை குறைக்கும் டிர்செபடைட் ஊசிக்கே 2024 டிசம்பரில் அமெரிக்காவில் இதற்கென்று அனுமதி கிடைத்துவிட்டது.

பல்லாவரம்63: அது பருமனானவர்களுக்கு, அதுவும் நோய் நடுத்தரமாகவோ தீவிரமாகவோ இருந்தால். எடை குறைய மாதக்கணக்காகும், இவர் அப்பாவுக்கு இன்றைக்கு ராத்திரியே மூச்சு நிற்கிறது. உங்கள் மச்சான் மறுபடி ஸ்டடி எடுத்துப் பார்த்தாரா?

நெல்லைவாசி: குறட்டையே இல்லை, அப்புறம் எதுக்கு ஸ்டடி?

பல்லாவரம்63: குறட்டை நின்றால் நோய் போய்விட்டது என்று அர்த்தமில்லை சார். எடுக்கச் சொல்லுங்கள்.

காற்றழுத்தம்: இதே கேள்வி இங்கே எத்தனை தடவை வந்தாச்சு. பழைய இழைகளைத் தேடிப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லாருக்கும் நல்லது. காற்றின் அழுத்தம்தான் தொண்டையை மூடாமல் பிடித்து வைக்கிறது. மூக்கு மாஸ்க் போட்டு வாயைத் திறந்தால் அத்தனையும் வாய் வழியே போய்விடும், தொண்டையும் காயும். காலையில் மெஷின் திரையில் லீக் அளவைப் பாருங்கள். இது அடிப்படை.

மதுரைமல்லி: பல் டாக்டரிடம் கீழ்த்தாடையை முன்னுக்குத் தள்ளிப் பிடிக்கும் கருவி கிடைக்கும். என் கணவருக்கு அதுதான். அவருக்கு ஏ.எச்.ஐ. 12.

சாரல்: மன்னிக்கவும், இப்போதுதான் ரிப்போர்ட்டை எடுத்தேன். ஏ.எச்.ஐ. 41. மூக்கு மாஸ்க். வாயைத் திறந்துதான் தூங்குவார். பல் செட் கட்டியவர். ஹியூமிடிஃபயர் இருக்கிறது, அதில் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று விற்றவர் சொல்லவே இல்லை.

பல்லாவரம்63: 30க்கு மேல் போனாலே தீவிரம். மெஷினை விடாதீர்கள். தாடைக் கருவி மாட்ட சொந்தப் பல் போதுமான அளவு வேண்டும், அவருக்குச் சரிவராது. மூக்கடைப்பு இருந்தால் ஈ.என்.டி. டாக்டரிடம் காட்டிவிட்டு, வாயையும் மூடும் மாஸ்க் கேளுங்கள். வாயில் பிளாஸ்டர் ஒட்டச் சொல்வார்கள், மூக்கு அடைத்தால் ஆபத்து, வேண்டாம். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள்.

நெல்லைவாசி: ஆர்.ஓ. தண்ணீர் போதும்.

காற்றழுத்தம்: போதாது. டிஸ்டில்டு வாட்டர் என்று கையேட்டிலேயே இருக்கிறது.

நெல்லைவாசி: குடிக்கிற தண்ணீர்தானே சார்?

காற்றழுத்தம்: ஆர்.ஓ.விலும் உப்பு மிச்சம் இருக்கும். தொட்டியின் அடியில் வெள்ளையாகப் படியும், பாருங்கள்.

சாரல்: பெரிய மாஸ்க் மாற்றியாச்சு. நேற்று விடியும்வரை கழற்றவில்லை. மூக்குத்தண்டு சிவந்திருக்கிறது.

பல்லாவரம்63: பட்டையை ரொம்ப இறுக்கியிருப்பீர்கள். படுத்த நிலையில் மெஷினை ஓடவிட்டு, லீக் வராத அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். திரையில் ஏ.எச்.ஐ. எவ்வளவு காட்டியது?