எலிசபெத் மனம் மாறியது கடிதத்தாலா, பெம்பர்லி மாளிகையாலா?

ஏரிக்கரை:
ஜேன் ஆஸ்டினின் 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' பற்றி ஒரு பழைய சண்டையைக் கிளறுகிறேன். ஏப்ரலில் ஹன்ஸ்ஃபோர்டில் பணக்கார டார்சி, எலிசபெத் பென்னட்டைப் பெண் கேட்கிறான். உலகத்திலேயே கடைசி ஆள் நீங்களாக இருந்தாலும் மாட்டேன் என்று எலிசபெத் முகத்தில் அடித்தாற்போல் சொல்கிறாள். ஜூலையில் டெர்பிஷயரில் அவனுடைய பெம்பர்லி மாளிகையைப் போய்ப் பார்க்கிறாள், இளகிவிடுகிறாள். இடையில் நடந்தது என்ன? 1816-இல் வெளிவந்த குவார்ட்டர்லி ரிவ்யூ மதிப்புரையில் வால்டர் ஸ்காட் போகிற போக்கில் சொல்லிவிட்டார்: தான் செய்தது முட்டாள்தனம் என்று அவளுக்கு உறைத்ததே அந்த மாளிகையையும் தோட்டத்தையும் பார்த்த பிறகுதான். ஸ்காட் ஒன்றும் ஆஸ்டினுக்கு எதிரியில்லை. இந்த நாவலைக் குறைந்தது மூன்றாவது தடவையாகப் படிப்பதாக 1826-இல் நாட்குறிப்பில் எழுதி வைத்தவர்.

43-ஆம் அத்தியாயத்தில் "பெம்பர்லிக்கு எஜமானி என்றால் சும்மாவா" என்று நினைப்பது அவளேதான். 59-இல் எப்போதிலிருந்து காதல் என்று அக்கா ஜேன் கேட்கும்போது, அவன் தோட்டத்தைப் பார்த்த நாளிலிருந்து என்கிறாள். நான் ஸ்காட் கட்சி. அதில் எலிசபெத்துக்கு ஒரு இழுக்கும் இல்லை என்பதும் என் கட்சிதான்.

நல்லூரான்:
59-ஐப் பாதியில் வெட்டிக் காட்டுகிறீர்களே ஏரிக்கரை சார். அடுத்த வரியிலேயே ஜேன் விளையாடாமல் ஒழுங்காகச் சொல் என்று மறுபடி கெஞ்சுகிறாள். அதற்குப் பிறகுதான் எலிசபெத் கிண்டலை விட்டுவிட்டுப் பேசுகிறாள். கிண்டலை வாக்குமூலமாகப் பதிவு செய்கிற வழக்கம் ஸ்காட்டோடு தொடங்கியது, இன்னும் போகவில்லை.

டார்சிக்கு வருஷம் 10,000 பவுன் வரும்படி என்பது 3-ஆம் அத்தியாயத்தில் அவன் நடனக்கூடத்துக்குள் நுழைந்த 5 நிமிஷத்தில் ஊருக்கே தெரியும். பெம்பர்லி எவ்வளவு அழகு என்ற பேச்சு 8-ஆம் அத்தியாயத்தில் அவள் காதுபடவே நடக்கிறது. எல்லாம் தெரிந்துதான் மறுத்தாள்.

மாற்றியது கடிதம், அவள் மறுத்த மறுநாள் டார்சி அவள் கையில் கொடுத்தது. இரண்டு முழுத்தாள், நெருக்கிய கையெழுத்து, உறையிலும் இடம் விடாமல் எழுதியிருக்கிறான். அதை அவள் எப்படிப் படிக்கிறாள் என்பதுதான் 36-ஆம் அத்தியாயம் முழுக்க. முதலில் ஒரு வார்த்தையும் நம்பாமல் ஓடுகிறாள். இனிப் பார்க்கவே மாட்டேன் என்று மடித்து வைக்கிறாள். அரை நிமிஷத்தில் மறுபடி பிரிக்கிறாள். இம்முறை, டார்சி தனக்குத் துரோகம் செய்தான் என்று அவளிடம் சொல்லியிருந்த ராணுவ அதிகாரி விக்கம் பற்றிய பகுதியை மட்டும் எடுத்து, குறுக்கு விசாரணை மாதிரி வரிவரியாக நிறுத்திப் பார்க்கிறாள். பேசிய முதல் மாலையிலேயே முன்பின் தெரியாத பெண்ணிடம் விக்கம் ஏன் சொந்தக் கதையெல்லாம் கொட்டினான்? டார்சிக்குப் பயப்பட மாட்டேன் என்றவன் அடுத்த வாரமே நெதர்ஃபீல்ட் நடனத்துக்கு ஏன் வரவில்லை? டார்சி ஊரில் இருந்தவரை அவளிடம் மட்டும் சொன்ன கதையை, அவன் கிளம்பியதும் ஊர் முழுக்க ஏன் பரப்பினான்? மூன்றுமே அவள் கண்முன் நடந்தவை. டார்சியை நம்ப வேண்டிய அவசியம்கூட இல்லை, தன் ஞாபகத்தை நம்பினால் போதும். "இந்த நிமிஷம் வரை என்னையே எனக்குத் தெரியவில்லை" என்கிற வரி அங்கேதான் வருகிறது. பெம்பர்லிக்கு இன்னும் 7 அத்தியாயம் இருக்கிறது.

ஏரிக்கரை:
அழகாகச் சொன்னீர்கள், ஆனால் 36-லேயே நின்றுவிட்டீர்கள். 37-ஐத் திருப்புங்கள். கடிதம் மனப்பாடம் ஆகிற அளவுக்குப் படித்துவிட்டாள். அதற்குப் பிறகும் கதைசொல்லி சொல்வது: டார்சியின் குணத்தை மதிக்க முடிந்தது, ஆளைப் பிடிக்கவில்லை, மறுத்ததற்காக ஒரு கணம்கூட வருந்தவில்லை, அவனை மறுபடி பார்க்க வேண்டுமென்ற ஆசை துளியும் இல்லை. கடிதம் விக்கமைக் கீழே இறக்கியது. டார்சியை மேலே ஏற்றவில்லை. அந்த வேலையைச் செய்தது வீடு.

கணக்குப்பிள்ளை:
வீட்டுக்காக மனம் மாறுகிறவள் என்றால் 19-ஆம் அத்தியாயத்திலேயே மாறியிருக்க வேண்டும். ரொக்கமாகப் பார்ப்போம்.

பென்னட் வீட்டு வரும்படி வருஷம் 2,000 பவுன். லாங்போர்ன் பண்ணை ஆண் வாரிசு வழியில் மட்டுமே போகும் சொத்து. ஐந்தும் பெண் என்பதால் அப்பா கண்ணை மூடியதும் தூரத்து உறவினன் காலின்ஸுக்கு. திருமண ஒப்பந்தப்படி அம்மாவுக்கும் பிள்ளைகளுக்கும் சேர்த்து ஒதுக்கியது 5,000. ஐந்தாகப் பிரித்தால் தலைக்கு 1,000, அதுவும் அம்மா காலத்துக்குப் பிறகு. நான்கு சதவீத அரசாங்கப் பத்திரத்தில் போட்டால் வருஷம் 40 பவுன். 4 சதவீதத்தில் 1,000 பவுன்தான் உனக்கு வரும், இன்னொருவன் உன்னைக் கேட்பானா என்று பெண் கேட்கிற சமயத்திலேயே காலின்ஸ் சொல்லிக் காட்டுகிறான். அவனைக் கட்டியிருந்தால் பிறந்த வீடே கைக்கு வந்திருக்கும், அம்மாவும் தங்கைகளும் தெருவுக்கு வர வேண்டியதில்லை. அதைத் தள்ளினாள். அப்புறம் 10,000-ஐத் தள்ளினாள். 40 பவுனை வைத்துக்கொண்டு இரண்டு பேரைத் தள்ளியவளைப் பார்த்து வீட்டுக்கு மயங்கினாள் என்கிறீர்கள்.

மழைக்காடு:
சந்தேகம். பென்னட் ஏன் மகள்கள் பேரில் உயில் எழுதவில்லை? அந்த அம்மாவும் இதையேதானே கேட்டுப் புலம்புகிறாள்?

கணக்குப்பிள்ளை:
எழுத முடியாது. அவர் அந்தச் சொத்தை ஆயுள் முழுக்க அனுபவிக்கலாம், விற்கவோ எழுதி வைக்கவோ முடியாது. கட்டை உடைக்க ஒரே வழி, மகன் பிறந்து வயதுக்கு வந்து அப்பாவோடு சேர்ந்து கையெழுத்துப் போடுவது. அந்த மகனை நம்பித்தான் தம்பதி சேமிக்கவே இல்லை என்று 50-ஆம் அத்தியாயம் சொல்கிறது. கடைசிப் பெண் லிடியா பிறந்து பல வருஷம் வரை அந்த அம்மாவுக்கு நம்பிக்கை போகவில்லை. போனபோது சேமிக்க நேரம் கடந்துவிட்டது.

முதல் அத்தியாயத்தில் அவர்களுக்குத் திருமணமாகி 23 வருஷம். 2,000-இல் வருஷம் 200 மட்டும் எடுத்து வைத்து 4 சதவீதக் கூட்டு வட்டியில் விட்டிருந்தால் சுமார் 7,300 பவுன் சேர்ந்திருக்கும். ஏற்கெனவே உள்ள 5,000-உம் சேர்ந்தால் பெண்ணுக்குச் சுமார் 2,460. பத்தில் ஒரு பங்குதான். நூலகக் கதவைச் சாத்திக்கொண்டு நக்கல் அடித்தே காலம் தள்ளிய மனிதரை வாசகர்கள் கொண்டாடுவதை என்னால் ஜீரணிக்க முடிவதில்லை. சரி, அது வேறு சண்டை.

மழைக்காடு:
நன்றி. ஆனால் இத்தனை கணக்குக்கு நடுவே காதல் எங்கே? பெம்பர்லியில் அந்தச் சிலைக்கு முன்னால் அவள் நிற்கிற காட்சி ஒன்றில்தான் உயிர் இருக்கிறது, அங்கேதான் விழுந்துவிடுகிறாள். மற்றதெல்லாம் வேலி போட்ட தோட்டம். 1848-இல் சார்லட் பிராண்டியும் கிட்டத்தட்ட இதைத்தானே சொன்னார், கச்சிதமாக வேலியடைத்த தோட்டம், திறந்த வெளியே இல்லை என்று?

தாழம்பூ:
சிலை 2005 படத்தில் வருவது. நாவலில் மாடியில் உள்ள ஓவியக்கூடம், அதில் டார்சியின் உருவப்படம். சில சமயம் தன்னைப் பார்த்தபோது அவன் முகத்தில் தெரிந்த அதே புன்னகை படத்தில் இருக்கிறது என்று நின்றுவிடுகிறாள். குளத்தில் நனைந்து வருவதும் 1995 தொடரில்தான்; நாவலில் டார்சிக்குச் சட்டை நனைவதே இல்லை. படத்தையும் புத்தகத்தையும் கலந்தால் இந்த விவாதம் எங்கேயும் போய்ச் சேராது.

இப்போது முக்கியமான இடம். ஏரிக்கரை சார், "எஜமானி என்றால் சும்மாவா" என்ற வரியை எடுத்தீர்கள், ஆனால் கொஞ்சம் தள்ளி வருவதை எடுக்கவில்லை. உள்ளே போகிறார்கள். டார்சியின் அம்மாவுடன் பிறந்த லேடி காதரினின் ரோசிங்ஸ் மாளிகையைவிட இங்கே பகட்டு குறைவு, நேர்த்தி அதிகம் என்று பார்க்கிறாள். இந்த அறைகளெல்லாம் எனக்குப் பழகியிருக்கும், யாரோ போல வந்து பார்க்காமல் மாமாவையும் அத்தையையும் என் வீட்டு விருந்தாளியாக வரவேற்றிருப்பேன் என்று ஓடுகிறது மனசு. உடனே தடுக்கிறது: இல்லை, அது நடந்திருக்காது, அவர்களைக் கூப்பிடவே எனக்கு அனுமதி இருந்திருக்காது. நல்லவேளை இது ஞாபகம் வந்தது, இல்லாவிட்டால் வருத்தம் மாதிரி ஒன்று வந்திருக்கும் என்கிறாள் கதைசொல்லி. ஆக, மாளிகை முழுசாகக் கண்முன் நிற்கும்போது அவளை நிறுத்தியது தாய்மாமா கார்டினர்.

ஏன் அவர்? லண்டனில் கிரேஸ்சர்ச் தெருவில் குடியிருக்கும் வியாபாரி. சொந்தக் கிடங்கு தெரிகிற தூரத்தில் வீடு. சீப்சைட் பக்கம் மாமா இருந்தால் நல்ல இடத்து மாப்பிள்ளை கிடைப்பது கஷ்டம் என்று 8-ஆம் அத்தியாயத்தில் சொன்னது டார்சி. பெண் கேட்கும்போதே "உன் உறவுகளின் தாழ்வைக் கண்டு நான் சந்தோஷப்பட வேண்டுமா" என்று கேட்டதும் அவன்தான்.

அதே 43-இல் அவன் திடீரென்று எதிரே வருகிறான், இருபது கஜம் தூரம்கூட இல்லை. இவர்கள் யார், அறிமுகப்படுத்துங்கள் என்று அவனே கேட்கிறான். மாமா என்று சொல்லிவிட்டு எப்படித் தாங்குகிறான் என்று ஓரக்கண்ணால் பார்க்கிறாள், ஓடிவிடுவான் என்றே எதிர்பார்க்கிறாள். அவனோ திரும்பி அவர்களோடு நடக்கிறான். பக்கத்தில் தங்கியிருக்கும்வரை எத்தனை முறை வேண்டுமானாலும் வந்து மீன் பிடியுங்கள், தூண்டில் சாமான் நான் தருகிறேன் என்கிறான், ஓடையில் எந்த இடத்தில் மீன் அகப்படும் என்றுகூடக் காட்டுகிறான். எந்த நினைப்பு அவளைத் தடுத்ததோ அது அதே அத்தியாயத்தில் பொய்த்துப் போகிறது. அவளை அசைத்தது இதுதான். கடிதமும் இதைச் செய்யவில்லை, கட்டடமும் செய்யவில்லை.

ஏரிக்கரை:
அக்கா, வாதம் பலமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஓடை யாருடையது? தூண்டில் யாருடையது? பத்து மைல் சுற்றளவுள்ள பூங்கா இருப்பதால்தான் அந்தத் தாராளத்தைக் காட்ட முடிகிறது. இதே குணம் ஒரு ஏழைப் பாதிரிக்கு இருந்திருந்தால் எங்கே காட்டுவான்? வீட்டு மேலாளர் ரேனால்ட்ஸ் அம்மாள் ஒரு கடுஞ்சொல் கேட்டதில்லை என்று புகழ்கிறாள், அவளுக்குச் சம்பளம் தருவதும் டார்சி. ஆஸ்டினுக்கு இது தெரியாதா? தெரிந்தேதான் குணத்தையும் சொத்தையும் பிரிக்க முடியாமல் பின்னியிருக்கிறார். நான் சொல்வது அதைத்தான்.

நல்லூரான்:
ரேனால்ட்ஸ் அம்மாளைச் சம்பளக்காரி என்று தள்ளாதீர்கள். அவன் நாலு வயசுப் பிள்ளையாக இருந்ததிலிருந்து தெரியும் என்கிறாள். அதைவிட, வந்திருப்பவர்கள் யாரென்று தெரியாமலே விக்கம் படத்தைக் காட்டி, இப்போது ராணுவத்தில் இருக்கிறான், பிள்ளை கெட்டுப்போய்விட்டான் போலிருக்கிறது என்கிறாள். கடிதத்தில் டார்சி எழுதியதற்கு வெளியிலிருந்து கிடைக்கும் சாட்சி. கடிதம் இல்லாமல் அந்த வார்த்தை எலிசபெத் காதில் ஏறியிருக்குமா? ஏப்ரலில் அதைப் படிக்காமல் ஜூலையில் வந்திருந்தால், பணத்திமிர் பிடித்தவன் வீடு நன்றாக இருக்கிறது என்று பார்த்துவிட்டுப் போயிருப்பாள்.

கணக்குப்பிள்ளை:
ஓடை அவனுடையது என்பதில் தப்பில்லை. ஆனால் பணத்தால் வாங்க முடியாத ஒன்றையும் அவன் செய்கிறான். லிடியா விக்கமோடு ஓடிப்போனதும் லண்டனில் அவர்களைத் தேடிப் பிடித்து, விக்கமின் 1,000 பவுனுக்கு மேலான கடனை அடைத்து, லிடியா பேரில் இன்னொரு 1,000 எழுதி, ராணுவப் பதவியும் வாங்கித் தந்தது டார்சி. பெயர் மட்டும் கார்டினருக்கு. லிடியா வாய் தவறி உளறியிருக்காவிட்டால் எலிசபெத்துக்கே தெரிந்திருக்காது. பணம் அவனுக்குப் பெரிதில்லை, ஒத்துக்கொள்கிறேன். தன் சொந்தத் தங்கையையே ஆசை காட்டி அழைத்துக்கொண்டு ஓடப் பார்த்த அந்த விக்கமோடு உட்கார்ந்து பேரம் பேசியது?

மழைக்காடு:
அப்படியானால் காதல் என்று எங்குமே சொல்லவில்லையா?

தாழம்பூ:
46-ஐப் படியுங்கள். லிடியா ஓடிய செய்தி வந்து, இனி டார்சி கிடைக்க மாட்டான் என்று ஆன அந்த நிமிஷத்தில்தான் அவனைக் காதலித்திருக்க முடியும் என்று உணர்கிறாள். அதே அத்தியாயத்தில் கதைசொல்லி குறும்பாக ஒன்று போடுகிறாள்: நன்றியிலும் மதிப்பிலும் வளரும் பாசம் பிடிக்காதவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு, பார்த்ததும் பற்றிக்கொள்ளும் முறையை அவள் விக்கமிடம் ஏற்கெனவே சோதித்துப் பார்த்தாள், சரிப்படவில்லை, அதனால் சுவாரசியம் குறைந்த இந்த முறைக்கு வந்தாள் என்று. பிராண்டியின் குறைக்கு 35 வருஷம் முன்பே பதில் எழுதி வைத்தாகிவிட்டது.

வீடுதான் வேண்டும் என்று காலின்ஸைக் கட்டிக்கொண்டவளும் இந்த நாவலில் இருக்கிறாள், எலிசபெத்தின் தோழி சார்லட். அவளை ஆஸ்டின் எப்படி எழுதியிருக்கிறார் பாருங்கள். ஹன்ஸ்ஃபோர்டில் நல்ல, பெரிய சாப்பாட்டு அறையை விட்டுவிட்டுப் பின்பக்க அறையில் உட்காருகிறாள். தெரு தெரிகிற புத்தக அறை காலின்ஸுக்கு. இவள் அறையும் அதே மாதிரி கலகலப்பாக இருந்தால் அவன் எந்நேரமும் இங்கேயே வந்து உட்கார்ந்துவிடுவான் என்ற கணக்கு. எலிசபெத்துக்கு முதலில் ஆச்சரியம், சீக்கிரமே புரிந்துவிடுகிறது, புரிந்ததும் மெச்சுகிறாள். சார்லட்டைத் திட்டவில்லை ஆசிரியர். ஆனால் எலிசபெத்தை அந்தப் பட்டியலில் சேர்க்கவும் இல்லை.

ஏரிக்கரை:
சார்லட் 27 வயசு, அழகில்லை, கையில் காசில்லை. அவளுக்குப் பின்பக்க அறை. எலிசபெத்துக்குப் பெம்பர்லியும் காதலும் சேர்ந்து கிடைக்கிறது. இந்த ஏற்பாட்டைத்தான் நான் சந்தேகப்படுகிறேன், எலிசபெத்தை அல்ல.

தாழம்பூ:
அந்தச் சந்தேகம் நியாயம். ஆனால் ஸ்காட் சொன்னது அது இல்லையே. கடைசி அத்தியாயத்தில் லேடி காதரின் ஒருவழியாகப் பெம்பர்லிக்கு வருகிறாள். அந்தக் காடு தீட்டுப்பட்டுப் போயிற்று என்று அவள் கருதிய பிறகும் வருகிறாள். தீட்டுக்குக் காரணமாகக் கதைசொல்லி அடுக்குவது இரண்டு: அங்கே எஜமானியாக இருப்பவள், அப்புறம் லண்டனிலிருந்து வந்து போகும் மாமாவும் அத்தையும். நாவலின் கடைசி வரியும் கார்டினர் தம்பதிக்குத்தான்.

கணக்குப்பிள்ளை:
அந்த லேடி காதரின் வரவேற்பறைக் கணப்பு மாடத்துக்கு மட்டும் 800 பவுன் ஆனதாகக் காலின்ஸ் பீற்றிக்கொள்வான். எலிசபெத்தின் 40 பவுன், 20 வருஷத்துக்கு.