குட்டி பைக்குக்குப் பந்தய உடுப்பு: நீங்கள் செய்ததையும் பார்த்ததையும் சொல்லுங்கள்

ஹமாமட்சுவிலிருந்து:

வேலைக்காக ஜப்பான் வந்த இரண்டாவது வருடம் ஒரு யமஹா ஒய்எஸ்ஆர்50 வாங்கினேன். 1986-இல் அறிமுகமான வண்டி. 49 சிசி, டூ ஸ்ட்ரோக், 12 அங்குலச் சக்கரம். ஒரு அரிசிக் கடைக்காரரின் கிடங்கில் பல வருடங்களாகக் கிடந்தது. புகைப்படத்தில் பார்த்தால் முழு ஃபேரிங் (வண்டியை மூடும் வெளிக்கூடு) போட்ட பந்தய பைக். நேரில் பக்கத்தில் போய் நின்றால் இடுப்புக்குக் கூட வராது.

வாங்கிய அன்றே முடிவு செய்துவிட்டேன், இதை டெக்21 வண்டியாக மாற்றுவது என்று. தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். சுசுகா பந்தயத் தடத்தில் 1985-இல் நடந்த 8 மணி நேர பைக் பந்தயத்தில் யமஹாவின் எஃப்இசட்ஆர்750-ஐ கென்னி ராபர்ட்ஸும் தடாஹிகோ டைராவும் ஓட்டினார்கள். ராபர்ட்ஸ் 1978, 79, 80 என்று தொடர்ந்து மூன்று முறை 500 சிசி உலக சாம்பியன். அந்த வண்டிக்கு விளம்பரதாரர் ஷிசெய்டோ நிறுவனத்தின் ஆண்கள் அழகுப்பொருளான டெக்21. அதனால் வண்டி எண்ணும் 21. முன்னணியில் போய்க்கொண்டிருந்த வண்டி, பந்தயம் முடிய அரை மணி நேரம் இருக்கும்போது நின்றுவிட்டது. அதே பெயரில் 1987-இல் மார்ட்டின் விம்மரும் கெவின் மேகியும் ஜெயித்தார்கள். ஆனாலும் இங்கே பழைய ஆட்கள் பேசுவது தோற்ற அந்த 85 வண்டியைப் பற்றித்தான். 2019-இல் யமஹா தன் சுசுகா அணிக்கு அதே நிறத்தை மறுபடியும் பூசியபோது இந்த ஊரே பேசியது.

அந்த நிறம்தான் முதல் தலைவலி. வெளிறிய கத்தரிப்பூ நிறம். பழைய பத்திரிகைப் படங்களை நம்பினால் ஒன்றில் நீலம், ஒன்றில் சாம்பல், இன்னொன்றில் கிட்டத்தட்ட ரோஜா. இவாடாவில் யமஹாவின் கம்யூனிகேஷன் பிளாஸா இருக்கிறது, பழைய பந்தய வண்டிகளை வைத்திருப்பார்கள். ஆறு பிளாஸ்டிக் கரண்டிகளில் ஆறு விதமாகக் கலந்து பூசி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு அங்கே போனேன். ஐந்தாவது கரண்டி அச்சாகப் பொருந்தியது. வீட்டுக்கு வந்து ஃபேரிங் முழுக்க அதைப் பூசி வெயிலில் வைத்தால் ரோஜா நிறம் அடிக்கிறது! உள்ளே இருந்த விளக்கொளியில் பொருந்தியது வெயிலில் பொருந்தவில்லை. 800 உப்புத்தாள் போட்டு முழுவதையும் தேய்த்து, நீலத்தைக் கொஞ்சம் கூட்டி மறுபடி பூசினேன். எந்த வெளிச்சத்தில் உங்கள் வண்டியை மற்றவர்கள் பார்க்கப் போகிறார்களோ, அந்த வெளிச்சத்தில் நிறம் கலக்குங்கள்.

நான் உண்மையில் சொல்ல வந்தது அளவைப் பற்றி. பெரிய பைக்கின் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் சுருக்கினால் அச்சு அசலாக வந்துவிடும் என்றுதான் நானும் நினைத்தேன். கணக்குப் போட்டேன். என் முன் டயர் 100/90-12 (அகலம் 100 மில்லிமீட்டர், பக்க உயரம் அதில் 90 சதவீதம், சக்கரம் 12 அங்குலம்), அதன் மொத்த உயரம் சுமார் 485 மில்லிமீட்டர். இன்றைய பெரிய பைக்குகளில் வழக்கமான 120/70-17 சுமார் 600. ஆக, ஏறக்குறைய 80 சதவீதம். எண், எழுத்து, கோடு எல்லாவற்றையும் 80 சதவீதத்தில் வெட்டி ஒட்டினேன். பொம்மைக் கடையில் தொங்கும் வண்டி மாதிரி இருந்தது.

காரணம் புரிய ஒரு மாதம் ஆயிற்று. குட்டி பைக்கில் எல்லாமே ஒரே விகிதத்தில் சுருங்கியிருக்காது. டயர் ஒரு விகிதம், ஃபேரிங்கின் பக்கவாட்டு வேறொரு விகிதம். சில சாமான்கள் சுருங்குவதே இல்லை. ஹேண்டில்பார் குழாயின் விட்டம் 22.2 மில்லிமீட்டர், பெரிய பைக்கிலும் அதேதான், ஏனென்றால் பிடிக்கும் கை அதே கை. பிரேக் லீவரும் அப்படியே. 6 மில்லிமீட்டர் போல்ட்டின் அறுகோணத் தலை பெரிய பைக்கில் கண்ணில் படாது, இதில் கொட்டைப்பாக்கு மாதிரி துருத்திக்கொண்டு நிற்கும். கண் முதலில் போவது இந்த மாதிரி இடங்களுக்குத்தான்.

அப்புறம் கணக்கை ஓரம் வைத்துவிட்டேன். காகிதத்தில் பல அளவுகளில் 21 வெட்டி, மாஸ்கிங் டேப்பில் ஒட்டி, ஐந்து மீட்டர் தள்ளி, சக்கர அச்சின் உயரத்துக்குக் குனிந்து படம் எடுத்துப் பார்த்தேன். எண் 90 சதவீதத்தில்தான் சரியாக உட்கார்ந்தது. விளம்பர எழுத்துகள் 75-க்கு இறங்கின. வெளியே தெரிந்த போல்ட்டுகளை எல்லாம் உருண்டைத் தலை போல்ட்டாக மாற்றினேன், அந்த ஒரு வேலையே வண்டியைப் பாதி பெரிதாக்கிவிட்டது. பெரிய பைக்கைப் போல முன்னால் இரண்டு டிஸ்க் தெரிய வேண்டும் என்று சிலர் மறுபக்கம் ஒரு போலி டிஸ்க்கை மாட்டுவார்கள். எனக்கு அதில் மனம் ஒப்பவில்லை. பிடிக்காத பிரேக்கை வண்டியில் தொங்கவிடமாட்டேன்.

ஸ்டிக்கர் விஷயத்தில் அடிபட்டேன். ஆன்லைனில் ஒரு கடையில் அச்சடித்து வாங்கினேன். மேலே கிளியர் (நிறமில்லாத பளபளப்புப் பூச்சு) அடித்ததும் மை கசிந்து எழுத்தைச் சுற்றி ஊதா வளையம் போட்டுவிட்டது. மூன்று வாரத்து வேலை போச்சு. இப்போதெல்லாம் அச்சடித்த ஸ்டிக்கர் வேண்டாம், நிறமே ஊறிய வினைல் தாளை வெட்டி ஒட்டுகிறேன். அதிலும் முதலில் ஒரு தகரத் துண்டில் ஒட்டி, கிளியர் அடித்து, இரண்டு நாள் காயவிட்டுப் பார்த்த பிறகுதான் வண்டியில் கை வைப்பேன்.

முடித்து முதல் முறை வெளியே எடுத்த ஞாயிறு, சாலையோர ஓய்விடம் ஒன்றில் நிறுத்தியிருந்தேன். எழுபது வயது இருக்கும் ஒருவர் வந்தார். பேசவில்லை. வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார், எதிரில் குந்தி உட்கார்ந்தார். “அன்றைக்கு நான் அங்கே இருந்தேன்” என்றார். டைரா வண்டியை பிட் (பழுதுபார்க்கும் இடம்) சுவரோரமாக ஒதுக்கி நிறுத்தியதை, மைதானம் மொத்தமும் எழுந்து நின்றதை, எனக்கு ஜப்பானிய மொழி முழுதாகப் பிடிபடாது என்று தெரிந்து கையால் காட்டிக் காட்டிச் சொன்னார். நிறம் சரியா என்று கேட்டேன். “நிறம் சரி. ஆனால் இவ்வளவு சுத்தமாக இல்லை. சாயங்காலம் ஆனபோது முன்பக்கம் முழுக்கப் பூச்சியும் எண்ணெயும்” என்றார். அன்றிலிருந்து முன் ஃபேரிங்கைத் துடைப்பதில்லை.

நகோயாவிலிருந்து:

அண்ணா, 22.2 கணக்கைப் படித்ததும் கீழே போய் என் வண்டியில் வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்துவிட்டு வந்தேன். சரிதான்!

என்னுடையது ஹோண்டா என்எஸ்ஆர்50. 1987 முதல் வந்த வண்டி, டூ ஸ்ட்ரோக், தண்ணீர்க் குளிர்ச்சி. பந்தய வீரர் மிக் டூஹன் ஓட்டிய வண்டியின் ரெப்சோல் (விளம்பரதாரரான எண்ணெய் நிறுவனம்) நிறத்தில் மாற்றினேன். டூஹன் 1994 முதல் 98 வரை தொடர்ந்து ஐந்து முறை 500 சிசி உலக சாம்பியன், அதனால் எண் 1 தான் போட்டேன். அளவு விஷயத்தில் என்னைக் கவிழ்த்தது பின் டயர். உயரத்தில் 120/80-12-உம் பெரிய பைக்கின் 180/55-17-உம் கிட்டத்தட்ட 79 சதவீதம், முன்பக்கத்தோடு ஒத்துப்போகிறது. அகலத்தில் 67 சதவீதம்தான். பின்னாலிருந்து பார்த்தால் மெலிந்து தெரியும். டெயில் பகுதியை (இருக்கைக்குப் பின்னால் உள்ள கூடு) சுமார் இரண்டு சென்டிமீட்டர் ஒடுக்கிச் செய்த பிறகு டயர் தடித்துத் தெரிந்தது. டயரைத் தொடவே இல்லை, மேலே இருப்பதைத்தான் குறைத்தேன்.

புதிதாகச் செய்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். இங்கே கார் உரிமத்தில் 50 சிசி வண்டியை ஓட்டலாம், ஆனால் வேகம் மணிக்கு 30 கிலோமீட்டர்தான். பெரிய சந்திப்புகளில் நேராக வலது பக்கம் திரும்பவும் கூடாது, இரண்டு கட்டமாகத்தான் திரும்ப வேண்டும். ஐந்து முறை சாம்பியனின் நிறத்தைப் போட்டுக்கொண்டு 30-இல் போவது எனக்குத் தாங்கவில்லை. எஞ்சினை எடுத்துவிட்டு என்எஸ்ஆர்80-இன் எஞ்சினைப் பொருத்தினேன். மாற்றியவுடன் நகராட்சி அலுவலகத்துக்குப் போய் வெள்ளை நம்பர் பிளேட்டைக் கொடுத்துவிட்டு மஞ்சள் பிளேட் வாங்கினேன். இரு சக்கர உரிமம் தனியாக எடுத்தேன், காப்பீட்டையும் மாற்றினேன். எஞ்சினை மட்டும் மாற்றிவிட்டு வெள்ளைப் பிளேட்டோடு சுற்றுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து செய்யாதீர்கள். ஒரு விபத்து நடந்தால் காப்பீடு கைவிட்டுவிடும், அடிபட்டவருக்கு யார் பதில் சொல்வது?

சைதாமாவிலிருந்து:

நான் வண்டி ஓட்டுவதில்லை. என் மகன் ஓட்டுகிறான், வயது ஏழு. வாரம் ஒரு முறை கோ-கார்ட் தடத்தில் பாக்கெட் பைக், அதாவது குழந்தைகள் ஓட்டும் மிகச் சின்னப் பந்தய பைக். இங்கே அது விளையாட்டுச் சாமான் இல்லை, பெரிய பந்தய வீரர்கள் பலர் தொடங்கிய இடமே அதுதான்.

அவனுக்கு எண் 74 வேண்டும் என்று ஒரே பிடிவாதம். டாய்ஜிரோ கட்டோவின் எண். சைதாமாக்காரர், சின்ன வயதில் பாக்கெட் பைக்கில் தொடங்கியவர், 2001-இல் 250 சிசி உலக சாம்பியன், அந்த ஒரே வருடத்தில் 11 வெற்றி. 2003 ஏப்ரலில் சுசுகாவில் நடந்த விபத்தில் போய்விட்டார். உலகப் பந்தயத்தின் மேல் வகுப்பான மோட்டோஜிபியில் அந்த எண்ணை யாருக்கும் தருவதில்லை. மகனுக்கு அதை ஒட்டித் தருவது சரியா, யாராவது வருத்தப்படுவார்களா என்று எனக்குத் தயக்கம். தடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரும் பெரியவரிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்தார். “ஒட்டுங்கள். ஆனால் யார் எண் என்று அவன் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்” என்றார். இப்போது யார் கேட்டாலும் நின்று முழுக் கதையையும் சொல்கிறான், ஓட்டுகிற நேரம் போய்விடுகிறது.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது ஒன்று. நீங்கள் இரண்டு பேரும் எண்ணைப் பெரிதாக்கி, டெயிலைக் குறைத்து, போல்ட்டை மாற்றிப் பாடுபட்டிருக்கிறீர்கள். என் மகன் ஹெல்மெட் போட்டுக் குனிந்து உட்கார்ந்தால், தூரத்திலிருந்து பார்க்க அது நிஜமான பெரிய பைக்தான். நான் எதையும் மாற்றவில்லை. ஓட்டுகிறவன் அளவு சரியாக இருக்கிறது, அவ்வளவுதான். போன மாதம் எடுத்த படத்தை ஊரில் அப்பாவுக்கு அனுப்பினேன். “குழந்தையை ஏன் இவ்வளவு பெரிய வண்டியில் ஏற்றினாய்” என்று பதறிப் போய் போன் செய்தார்.

மறுபடியும் ஹமாமட்சுவிலிருந்து:

அக்கா, இத்தனை வருடம் வண்டியையே சுற்றிச் சுற்றி வந்திருக்கிறேன், மேலே உட்காரும் ஆளைப் பற்றி யோசிக்கவே இல்லை. என் எல்லாப் படங்களிலும் வண்டி தனியாகத்தான் நிற்கும். நான் ஏறினால் முழங்கால் இரண்டும் கைப்பிடிக்கு மேலே போய்விடும், மொத்த வேலையும் வீண்.

அடுத்த 8 மணி நேரப் பந்தயத்துக்குச் சுசுகா வருவீர்களா? ஒய்எஸ்ஆரை வேனில் ஏற்றிக் கொண்டுவருகிறேன். தம்பியை ஸ்டாண்டில் நிற்கும் வண்டியில் உட்கார வைத்து ஒரு படம் எடுக்கலாம். அவனுடைய ஹெல்மெட், கையுறை எல்லாம் எடுத்து வாருங்கள். கால் எட்டுமா என்று பார்க்க அவன் உட்கார்ந்தால் இடுப்பிலிருந்து பாதம் வரை எவ்வளவு என்று அளந்து சொல்லுங்கள், தேவைப்பட்டால் ஃபுட்ரெஸ்ட்டை இரண்டு விரல் மேலே ஏற்றிவிடுகிறேன்.