மை பேனா, பால்பாயிண்ட், ஜெல்: எது எதனால் விழுந்தது?

மைத்துளி:
பள்ளிப் பையிலிருந்து மை பேனாவை விரட்டியது பால்பாயிண்டின் விலை மட்டும்தானா? அப்படியானால் ஜெல் வந்தும் பால்பாயிண்ட் ஏன் ஒழியவில்லை? இன்னொன்று, ஜெல் ரீஃபில்லில் பாதி மை இருக்கும்போதே எழுத்து நின்றுவிடுகிறதே, ஏன்?

நிப்புப்பித்தன்:
விலை பிறகு வந்த கதை. 1945-இல் நியூயார்க்கில் ரெனால்ட்ஸ் பால்பாயிண்ட் விற்பனைக்கு வந்தபோது 12.50 டாலர், அதுவும் ஒழுகும் பேனா. மலிவாக, ஒழுகாமல் எழுதும் பால்பாயிண்டைப் பரவலாக்கியது 1950-இல் பிரான்சில் வந்த பிக் கிறிஸ்டல்.

மை பேனாவைக் கவிழ்த்தது கசிவுதான். உடம்பிலேயே மை ஊற்றும் பேனாவில் மை குறையக் குறையக் காற்று கூடும். கைச்சூட்டில் அந்தக் காற்று விரிந்து மையைத் தள்ளும்; நிப்பு வழியாகப் பொட்டென்று ஒரு சொட்டு நோட்டில் விழும். மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும்போதே நிரப்பிவிட்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை. கழுத்து மரையில் கசிந்தால் சிலிக்கான் கிரீஸ் துளி தடவுங்கள். வாஸ்லின் வேண்டாம், ரப்பர் வளையம் இருந்தால் ஊதிப்போகும்.

குண்டுமணி:
ஜெல் மை தண்ணீர் சேர்ந்தது. சும்மா இருக்கும்போது கெட்டி; எழுதுகையில் முனையிலுள்ள குண்டு உருளும்போது இளகும். முனை கீழே இருக்க பேனா தரையில் விழுந்தால் குண்டைப் பிடித்திருக்கும் முனை நசுங்கும், அல்லது முனை வழியாகக் காற்று புகும். மைக்கும் முனைக்கும் நடுவே இடைவெளி தெரிந்தால் காற்றுதான். மூடியை இறுக்கி, முனை வெளிப்பக்கம் இருக்கும்படி பேனாவைத் துணியில் கட்டி, பத்துப் பதினைந்து சுற்று வேகமாகச் சுழற்றுங்கள். பின்னாலிருந்து ஊதவே கூடாது: மையின் வாலில் நிற்கும் கிரீஸ் உடைந்து பேனா நாறிவிடும். முனை நசுங்கியிருந்தால் தூக்கிப் போட வேண்டியதுதான்.

பால்பாயிண்டின் பசை மை எண்ணெய் சேர்ந்தது, மூடி இல்லாமல் கிடந்தாலும் சட்டென்று காயாது. கோட்டுக்குக் கோடு மையும் குறைவாகத்தான் செலவாகும். அதனால்தான் அது பிழைத்திருக்கிறது. அழுத்தி எழுதுவதால் விரல் வலிக்கும், அது வேறு.

காகிதப்புலி:
மை பேனா ஒழிந்துவிட்டது என்பதே எனக்கு உடன்பாடில்லை. ஜெர்மனியில் 1960-இல் பெலிகானோ, 1980-இல் லாமி சஃபாரி என்று மாணவர்களுக்காகவே பேனாக்கள் வந்தன. குப்பியிலிருந்து மை ஊற்றும் வேலையைக் கார்ட்ரிட்ஜ், அதாவது மை அடைத்த மாற்றுக் குழாய், ஒழித்தது. முக்கோணப் பிடி விரலை இடத்தில் வைத்தது. அழிப்பான் பேனாவும் கூடவே வந்தது. ஒரு முனை நீல மையை நிறமற்றதாக்கும், மறுமுனையால் மேலே எழுதலாம். அழித்த இடத்தில் அதே நீல மையால் எழுதினால் மறுபடி மறைந்துபோகும். கறுப்பு மையில் பலிப்பதில்லை.